மரம் நட்டால் மட்டும் போதுமா?

நமது சங்கங்களின் சொத்துப் பதிவேட்டைப் புரட்டினால், இரும்புப் பெட்டி, தராசு, மேசை நாற்காலிகள், தறிச் சாமான்கள் ஆகிய யாவும் வாங்கிய ஆண்டு, கொடுத்த விலை, கழித்த தேய்மானம் ஆகிய விவரங்களுடன் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கக் காண்கிறோம். கட்டடத்தின் வாயிலில் நிற்கும் வேம்பைப் பற்றியோ ஒரு வரியும் இராது. புளியமரமாயின் அதன் மகசூல் ஏலம் போன தொகை மட்டும் வரவில் ஏறியிருக்கும். பதிவேட்டில் உள்ள பொருள்கள் யாவும் ஆண்டுதோறும் மதிப்பில் தேய்ந்துகொண்டிருக்க, பதிவேட்டில் ஏறாத மரமோ ஆண்டுதோறும் மதிப்பில் உயர்ந்துகொண்டிருக்கிறது. இவ்விந்தையை எந்தத் தணிக்கையாளரும் குறிப்பிட்டதாக நமக்கு நினைவில்லை.

மரத்தின் நிழல் நெசவாளருக்கு வெறும் சுகம் மட்டுமன்று. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்க்கும் குடும்பங்கள் விடியற்காலையில் வேலையைத் தொடங்கினாலும், வெயில் ஏறிய பிறகு நிழல் இல்லாத தெருவில் நிற்க இயலாது. மேலும், பருத்தி நூல் காற்றின் ஈரத்தை உண்டு வலிமை பெறுவது; வறண்ட அனற்காற்று வீசும் கொட்டகையில் இழை அடிக்கடி அறும். இழை அறுந்தால் அன்றைய கூலி அறுந்தது என்றே பொருள். மேற்குப் பக்கத்தில் ஒரு நல்ல மரம் நின்று மாலை வெயிலைச் சுவரிலிருந்து தடுக்குமாயின், அதன் பயன் அந்தக் கூலிப் புத்தகத்திலேயே தெரியும். பயிரிடுவோருக்கோ இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதியினர் பலாவையும் தென்னையையும் நம்பியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள்.

அவ்வளவு மரங்களும் ஒரே இரவில் வீழ்ந்ததையும் அவர்களே கண்டார்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் பொழுது விடியும் முன்னர், ‘கஜா’ என்ற கடும்புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையேறியது. மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் காற்று வீசியது. இடையிடையே வேகம் 120ஐயும் எட்டியது. கரையேறிய புயல் வழக்கமாக விரைவில் வலுவிழக்கும். இப்புயலோ நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைத் தாண்டி நமது மாவட்டத்தின் உட்பகுதிக்குள்ளும் வலிமையோடு புகுந்தது. தோப்புகள் அழிந்த செய்தியை நாடே அறிந்தது. புதுக்கோட்டை நகரத் தெருக்களிலும், பள்ளி வளாகங்களிலும், அலுவலக முற்றங்களிலும் வீழ்ந்த மரங்களைப் பற்றி அத்துணைப் பேர் பேசவில்லை. நட்ட தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். தெருவுக்கு நிழல் தரும் மரம் அமைய ஒரு தலைமுறையே ஆகும்.

அன்று வீழ்ந்தவை போக, நின்றவையும் உண்டு. ஒரே தெருவில், ஒரே இன மரங்களில், ஒன்று சாய ஒன்று நின்றது ஏன் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா. ‘விதி’ என்று விட்டுவிடுவோருக்கு நாம் மறுமொழி கூற இயலாது. ஆனால் சாய்ந்த மரத்தின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தோர் பெரும்பாலும் விடையைக் கண்டிருப்பார்கள்.

மரத்தின் வேரைப் பற்றி நம்மில் பலர் கொண்டிருக்கும் எண்ணம் உண்மைக்கு மாறானது. மேலே எவ்வளவு உயரமோ கீழே அவ்வளவு ஆழம் என்று கூறுவார்கள். உண்மையில், வளர்ந்த மரத்தின் வேர்களுள் மிகப் பெரும்பகுதி நிலத்தின் மேல் இரண்டடிக்குள்ளேயே இருக்கிறது. ஏனெனில் காற்றும் ஈரமும் சத்தும் அங்கேதான் கிடைக்கின்றன. ஆழத்திற்குப் பதிலாக அது பரப்பை நாடுகிறது. கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டி, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடுகிறது. நமது மாவட்டத்தில் செம்புறாங்கல் பரந்து கிடக்கும் இடங்களிலோ, வேர் ஆழம் போக நினைத்தாலும் கல் விடுவதில்லை. ஆகவே மரத்தைத் தாங்குவது, அகன்று கிடக்கும் ஒரு தட்டைப் போன்ற வேர்ப்பரப்பே ஆகும். அத்தட்டின் ஒரு பக்கத்தைச் சாக்கடைக்காகவோ, குடிநீர்க் குழாய்க்காகவோ அடிமரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி அறுத்துவிடுகிறோம். அதனால் மரம் அன்றே சாய்வதில்லை. நான்கைந்து ஆண்டுகள் பச்சையாகவே நிற்கிறது. பிறகு காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் நாளில் சாய்கிறது. பள்ளம் தோண்டிய ஒப்பந்தக்காரர் பெயர் அதற்குள் எவருக்கும் நினைவில் இராது.

புயலின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. சுழலும் காற்றாகையால், அதன் மையம் நம்மைக் கடக்குமுன் ஒரு திசையிலிருந்து அடிப்பது, கடந்தபின் நேர் எதிர்த் திசையிலிருந்து அடிக்கிறது. முதல் அடியில் மண்பிடி தளர்ந்த மரம் இரண்டாம் அடியில் வீழ்கிறது. நீர் ஊறிய மண்ணாயின் கேட்கவே வேண்டா.

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் ‘வர்தா’ புயல் சென்னையைத் தாக்கியபோது, செம்மயிற்கொன்றையும் இயல்வாகையும் பெருமளவில் வீழ்ந்தன. அயல்நாட்டு மரங்களை நட்டதால் வந்த கேடு இது என்று பலர் எழுதினார்கள். அவ்வாதத்தில் உண்மை உண்டு. அம்மரங்கள் விரைந்து வளர்வன, கட்டை மென்மையானது, கிளை எளிதில் பிளக்கும். எனினும் அதையே முழு உண்மை என்று ஏற்க நாம் தயங்குகிறோம். நம் ஊர் வேம்பும் வேர் அறுபட்டால் வீழத்தான் செய்யும். நாம் சொந்தம் கொண்டாடும் புளியமரமும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. மரத்தின் ஊரைக் கேட்பதோடு, நாம் அதற்கு எத்தனை அடி மண் விட்டோம் என்பதையும் கேட்க வேண்டும்.

மண்ணை மூடும் வழக்கம் இப்பொழுது மிகுந்துவருகிறது. தெருவுக்குச் சிமெண்டுத் தளம் போடுவோர் அடிமரத்தை ஒட்டி ஒரு விரற்கடையும் விடாமல் பூசிவிடுகிறார்கள். வேருக்கு நீரும் இல்லை, மூச்சும் இல்லை. தில்லி நகரத்தில் இக்கொடுமை மிகுந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தலையிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவிற்குச் சிமெண்டுப் பூச்சை அகற்றுமாறு உத்தரவிட வேண்டியதாயிற்று. நம்மூர்களில் பக்தியின் பெயராலும் இது நடைபெறுகிறது. அரசும் வேம்பும் இணைந்து நிற்கும் இடத்தில் மூன்றடி உயரத்திற்கு மேடை கட்டி, உள்ளே மண்ணிட்டு நிரப்பி, மேலே பளிங்குக் கல் பதிக்கிறார்கள். அடிமரத்தின் பட்டை மண்ணுக்குள் புதைந்தால் ஈரத்தில் அழுகும். பழைய வேர்கள் ஆழத்தில் காற்றின்றி மடியும். மேடை வேண்டுமாயின், அடிமரத்தைச் சுற்றி இரண்டடியாவது பழைய மண்மட்டத்திலேயே திறந்துவிட்டு, அதற்கப்பால் சாந்தின்றிக் கல் அடுக்கலாம். தெய்வத்திற்கும் அதனால் குறைவில்லை.

புதுக்கோட்டை நகரம் இடநெருக்கடியிலே தானாக முளைத்த ஊரன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விஜயரகுநாதத் தொண்டைமான் காலத்தில், நேர்கோடான அகன்ற தெருக்களோடு திட்டமிட்டு அமைக்கப்பட்டது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரியார் குளங்களைச் செப்பனிட்டார். தெருவின் அகலமும், குளத்தில் தங்கிய நீர் நிலத்தடியில் ஊறியதும் நம் ஊர் மரங்களுக்குக் கிடைத்த இரு பேறுகள். திருக்கோகர்ணத்துக் கோயிலின் தலமரம் மகிழம். அவ்விடமே ஒரு காலத்தில் மகிழவனம் என்று பெயர் பெற்றது. 2024 முதல் இந்நகரம் மாநகராட்சி ஆகிவிட்டது. இனிச் சாலைகள் அகலும், குழாய்கள் ஓடும், வடிகால்கள் வரும். அவற்றை வேண்டா என்பார் எவருமிலர். பள்ளம் எங்கே தோண்டப்படும் என்பதை முன்னரே அறிந்து, அடிமரத்திற்குப் பத்தடியாவது விலக்கித் தோண்டுமாறு அந்தந்தத் தெருச் சங்கத்தார் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், அம்மனுவுக்குச் செலவு ஒரு தாள் மட்டுமே.

இனிக் கிளை வெட்டுவதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். இதிலேதான் அறியாமையால் விளையும் தீமை மிகுதி.

மனிதனுடைய புண் ஆறுகிறது; பழுதுபட்ட தசை நீங்கிப் புதுத்தசை வளர்கிறது. மரத்திற்கு அந்த ஆற்றல் இல்லை. காயம்பட்ட கட்டையை அது புதுப்பிப்பதில்லை. காயத்தைச் சுற்றித் தனக்குள்ளே சுவர்களை எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவைத்து, வெளியே புதுக்கட்டை வளர்த்து மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, 1977இல் இதை விளக்கி வெளியிட்டார். அதற்கு முன் உலகெங்கும் வெட்டுவாயில் தாரும் வண்ணமும் பூசிவந்தார்கள். அப்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்றும், சில வேளைகளில் ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலுக்கே உதவுகிறது என்றும் பின்னர்த் தெளிவாயிற்று. நமது ஊர்களில் இன்றும் தார் பூசுவதைக் காண்கிறோம்.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருப்பதை உற்று நோக்கினால் காணலாம். அதைக் கிளையின் கழுத்து என்று சொல்லலாம். சுவர் எழுப்பும் ஆற்றல் அந்தக் கழுத்தில்தான் உள்ளது. கிளையை அடிமரத்தோடு வழவழவென ஒட்டச் சீவினால் கழுத்தும் போய்விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் மொட்டைக் கட்டை உளுத்து, அவ்வழியே அழுகல் உள்ளே இறங்கும். கழுத்தை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி வெட்டுவதே முறை. பெருங்கிளையாயின் ஒரே வெட்டில் வீழ்த்தலாகாது. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கால்பங்கு ஆழம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்திய பின், எஞ்சிய கட்டையைக் கழுத்தருகே அறுக்க வேண்டும். இல்லையேல் கிளை தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு வீழும். அரிவாளால் கொத்துவதைக் காட்டிலும் வாளால் அறுப்பது நன்று. ஓராண்டில் பசுங்கிளைகளில் கால்பங்குக்கு மேல் கழிக்கலாகாது. பட்ட கிளைகளுக்கு அந்த வரம்பில்லை.

புயல் வருமென்று அஞ்சி மரத்தின் தலையையே மொட்டையடிக்கும் வழக்கம் ஒன்றுண்டு. அம்மொட்டையிலிருந்து ஈராண்டில் அடர்ந்து கிளம்பும் சிம்புகள் பட்டையோரத்தில் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. அடுத்த புயலில் முதலில் முறிபவை அவையே. மின்கம்பிக்குக் கீழே நிற்கும் மரங்களுக்கு ஆண்டுதோறும் இக்கதி நேர்கிறது. குற்றம் வெட்டுகிறவர் மீதன்று. கம்பியின் கீழ்ப் பெருமரத்தை நட்டவர் மீதே. கம்பியை ஒட்டிய கிளையை மின்வாரியப் பணியாளரைக் கொண்டே கழிக்க வேண்டும். ஈரவாளோடு அங்கத்தினர் எவரும் ஏறுதல் கூடாது என்பதை மிக அழுத்தமாகக் கூறுகிறோம்.

ஆணியைப் பற்றி ஒரு சொல். சங்கத்தின் தள்ளுபடி விற்பனை அறிவிப்பை மரத்தில் ஆணி அறைந்து தொங்கவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். பட்டைக்கு அடியில் ஓடும் மெல்லிய படலமே இலையில் சமைத்த உணவை வேருக்குக் கொண்டு செல்வது. ஓர் ஆணி மரத்தைக் கொல்லாது. நாற்பது ஆணியும் இறுகக் கட்டிய கம்பியும் சேர்ந்தால், உணவுவழி நெரிபடும். அறிவிப்பைக் கயிற்றில் கட்டினால் கைத்தறி ஆடை குறைவாக விற்கப் போவதில்லை.

புதிதாக நடுதலைப் பற்றி எழுதுவோர் பலராதலின் நாம் சுருக்கமாகவே கூறலாம். 1950ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்ஸவம் முதல், 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வரை நடுவதற்கு ஊக்கம் குறைந்ததே இல்லை. குழி பழையதாகவே இருக்க, கன்று மட்டும் ஆண்டுதோறும் புதிதாக வருகிறது என்று கேலி செய்வாரும் உளர். சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீ குவான் யூ ஒரு மரக்கன்றை நட்டு இயக்கத்தைத் தொடங்கினார். அந்நகரம் இன்று பசுமையாக இருப்பதற்குக் காரணம், நட்டதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்தையும் கவனிக்க ஆளும் பணமும் விடாமல் ஒதுக்கியதே ஆகும். நம் மாவட்டத்திலேயே சேந்தன்குடி தங்கசாமி அவர்கள், ‘மரம்’ என்பதே தம் பெயருக்கு முன்னொட்டாகும் அளவுக்குத் தம் நிலத்தில் பல்வகை மரங்களை வளர்த்துக் காட்டி, 2018இல் மறைந்தார். அவரிடம் ஆளோ ஒதுக்கீடோ இருக்கவில்லை. தம் நிலத்தை நாள்தோறும் சுற்றி வரும் வழக்கம் இருந்தது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறலாகாது. பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் வெளியேற வழியின்றி உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால், மண்ணிலும் அது சுற்றிக்கொண்டே பருத்து, இருபதாம் ஆண்டில் தன் அடிமரத்தைத் தானே நெரிக்கும். பையை முழுதும் கிழித்தெறிந்து, சுருண்ட வேரைக் கத்தியால் இரண்டு மூன்று இடங்களில் கீறி, விரித்து நட வேண்டும். குழியின் ஆழத்தைக் காட்டிலும் அகலம் முக்கியம். செம்புறாங்கல் நிலத்தில் கடப்பாரையால் பக்கங்களையும் உடைத்து விடுக. ஊன்றுகோலை இறுகக் கட்டாமல், தறியில் மிஞ்சும் துணித்துண்டால் தளரக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். காற்றில் ஆடி வளரும் தண்டே பருத்து உறுதி பெறும். இரும்புக் கூண்டையும் காலத்தில் எடுக்காவிடில் அது மரத்துக்குள் புதைந்துவிடும்.

எம்மரத்தை நடுவது என்பது இடத்தைப் பொறுத்தது. மின்கம்பியின் கீழ் நெல்லி, பவழமல்லி போன்ற சிறு மரங்கள் போதும். தெருவோரத்திற்குப் புங்கம், பூவரசு, வேம்பு, மகிழம் நல்லன. மகிழம் மெல்ல வளரும், பொறுமை வேண்டும். ஆலும் அரசும் கட்டடத்தருகே வேண்டா. குளக்கரையே அவற்றின் இடம். குழித்தறி உள்ள கொட்டகைக்கு இருபது இருபத்தைந்து அடிக்குள் பெருமரம் வைத்தால், வேர் குழிக்குள் எட்டிப் பார்க்கும். விரைவில் பச்சை தெரிகிறது என்பதற்காகச் சில ஆண்டுகளாக எங்கும் நடப்பட்ட கோனோகார்ப்பஸ் மரத்தை 2023இல் குஜராத் அரசும், 2025இல் தமிழ்நாடு அரசும் தடைசெய்துவிட்டன என்பதையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நட்ட முதல் இரண்டு கோடைகளே கன்றின் உயிரை நிர்ணயிப்பவை. நாள்தோறும் ஒரு சொம்பு தெளிப்பதால் மேல்மண் மட்டுமே நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். வாரம் இருமுறை இரண்டு குடம் நீரை மெல்ல ஊற்றி ஆழ நனைப்பது மேல். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றின் அருகே புதைத்து நிரப்பி வைத்தால், ஊரில் இல்லாத நாளிலும் நீர் கசிந்துகொண்டிருக்கும். கன்றைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்திற்குச் சருகோ தென்னை மட்டையோ பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விலக்கியே பரப்ப வேண்டும். தோப்புள்ள சங்கத்தார் மட்டையை எரிக்கிறார்கள். நெசவுச் சங்கத்தார் கன்று காய்கிறதென்று வருந்துகிறார்கள். இரண்டு சங்கங்களுக்கும் இடையே சில இடங்களில் ஒரு சாலைதான் இருக்கிறது.

சாயப்பட்டறை உள்ள சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாயத் தொட்டியின் கழிவுநீரை மரத்தடியில் ஊற்றுவதால் நீரும் வீணாகாது, மரமும் வளரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்நீரில் உப்பும் சோடாவும் கரைந்துள்ளன. உப்பேறிய மண்ணில் நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச இயலாது. இலையோரம் கருகத் தொடங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். சட்டப்படியும் அந்நீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடுதல் குற்றம்.

நோய்ப்பட்ட மரத்தைக் கண்டால் வாளை எடுக்குமுன் வம்பனிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம். மழைக்காலத்திற்குப் பின் வேம்பின் நுனிக்கிளைகள் கருகித் தொங்குவதைக் கண்டு பலர் மரமே பட்டுவிட்டதாக எண்ணி வெட்டிவிடுகிறார்கள். அது ஒரு வகைப் பூஞ்சையால் வரும் நுனிக்கருகல் நோய். பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் துளிர்க்கின்றன. சாலையோரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் மரத்தைச் சங்கம் தன் விருப்பப்படி வெட்ட உரிமையில்லை. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

செலவுக்கு எங்கே போவது என்று நிர்வாகக் குழுவினர் கேட்கக்கூடும். துணைவிதிகள் இடமளிக்குமாயின், லாபத்தில் பொதுநல நிதிக்கு ஒதுக்கும் தொகையிலிருந்து ஓர் அறுப்புவாளும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்குக் கூலியும் கொடுக்கலாம். புளி ஏலத் தொகையில் ஒரு பங்கை அந்த மரத்திற்கே திருப்புவதில் தவறில்லை. அதற்கு முன்னதாக, பதிவேட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்து, சங்க எல்லைக்குள் உள்ள மரங்களின் இனம், நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, மின்கம்பி, சுவர், பள்ளம் ஆகியவற்றிலிருந்து உள்ள தூரம், பட்ட கிளை உண்டா, அடியில் பொந்தோ காளானோ உண்டா என்பனவற்றை எழுதிவைக்க வேண்டும். அளவு நாடா ஒன்றும் அரைநாளும் போதும். புரட்டாசிக்குள் இவ்வேலை முடியுமாயின், ஐப்பசி மழைக்கு முன் பட்ட கிளைகளைக் கழிக்கலாம். ஆடியிலேயே குழி தோண்டி ஆறவிட்டவர்கள் முதல் மழையோடு கன்றையும் இறக்கிவிடலாம். அடுத்த ஆய்வின்போது அப்பக்கத்தையும் பார்வையிட எண்ணியுள்ளோம்.